கரையிலிருந்து ஆல்பி: மீன் சிக்காததற்குக் காரணத்தை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிப்பது

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் தென்கரையில் பாறைக்குப் பாறை ஆள் நிற்கும். எல்லோரும் ஒரே மீனுக்காகத்தான்: ஃபால்ஸ் ஆல்பகோர், செல்லமாக ஆல்பி. டப்பாவில் அடைத்து விற்கும் ஆல்பகோர் டியூனா வேறு. இது நம்மூர்ச் சந்தையில் கிடைக்கும் சூரைக்கு நெருங்கிய உறவு, இரண்டும் யூத்தின்னஸ் பேரினம்தான். முதுகில் நெளிநெளியாகக் கோடுகள், மார்புத் துடுப்புக்குக் கீழே சில கரும்புள்ளிகள், இரண்டும் இருந்தால் ஆல்பி. கரையில் கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 10 பவுண்டு. உலக சாதனை 36 பவுண்டு. அது 2006இல் நியூ ஜெர்சிக்கு வெளியே ஆழ்கடலில் கிடைத்தது, கரையில் நிற்கிற நாம் அதை மனதில் வைத்துத் தடித்த நூல் வாங்க வேண்டியதில்லை.

மீன் கடிக்காத நாளில் எல்லோருடைய கையும் முதலில் போவது லூர் (செயற்கை இரை) பெட்டிக்குத்தான். வெள்ளி சரியில்லை, இளஞ்சிவப்பு போடலாம், பச்சை போடலாம் என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நிறம் கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் நிற்கும் இடம், நீரோட்டம், எறியும் திசை, லூரின் அளவு, சுருட்டும் வேகம், லீடரின் (நூலையும் லூரையும் இணைக்கும் முனைத் துண்டின்) தடிமன் என்று ஒரு வரிசை இருக்கிறது. கீழே உள்ளவை அந்த வரிசையிலேயே போகின்றன. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்திலிருந்து படித்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: எட்டடி, ஒன்பதடி நீளத்தில் நடுத்தர ராடு (தூண்டில் கழி), 4000 அளவு ஸ்பின்னிங் ரீல், 15 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நூல், அதன் முனையில் மூன்று நான்கு அடிக்கு 15 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர். லூரில் எபாக்சி ஜிக் (ஈயத்தின் மேல் பிசின் வார்த்த சிறு மீன் வடிவம்) இரண்டு மூன்று அளவில், சின்ன உலோக ஜிக் ஒன்று, எடை சேர்க்காத சாஃப்ட் பிளாஸ்டிக் (ரப்பர் போல வளையும் பொம்மை மீன்) ஒரு பாக்கெட். பாறையில் நிற்க ஆணி பதித்த காலணி. இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள், பாசி பிடித்த பாறையில் சாதாரண ரப்பர் ஷூ நிற்காது.

"மீனே கண்ணில் படவில்லை"

ஜூலையில் போய் நின்றுகொண்டு கேட்டால் பதில் சுலபம்: இன்னும் வரவில்லை. செப்டம்பரில் போயும் தெரியவில்லை என்றால் நீரோட்டத்தைப் பாருங்கள்.

ரோட் ஐலண்டின் தென்கரை நெடுக உப்பங்கழிகள். அவற்றில் பலவற்றைக் கடலோடு இணைக்க, இரு பக்கமும் பாறை அடுக்கிய ஒரு வாய்க்கால் உண்டு. இங்கே அதைப் பிரீச்வே என்பார்கள். நினிக்ரெட் கழிக்குச் சார்ல்ஸ்டவுன் பிரீச்வே, வின்னபாக் கழிக்கு வீக்கபாக், இரண்டுக்கும் நடுவே குவோனோகான்டாக். தண்ணீர் வற்றும்போது கழியில் வளர்ந்த பொடிமீன் வாய்க்கால் வழியே கடலுக்குத் தள்ளப்படும். ஆல்பி முகத்துவாரத்துக்கு வெளியே அதற்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் வெளியே ஓடும் தண்ணீர்தான் உங்கள் நேரம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அட்டவணையில் வற்றம் காலை 7 மணிக்கு முடிகிறது என்று போட்டிருந்தால், 7 மணிக்கு மூட்டை கட்டிவிடுகிறார்கள். அந்த நேரம் வெளிக்கடலுக்கு உரியது. கழி பெரிது, வாய்க்கால் ஒடுக்கம். கடல் ஏறத் தொடங்கிய பிறகும் கழியிலிருந்து தண்ணீர் வெளியே வந்துகொண்டுதான் இருக்கும், ஒரு மணி நேரம், சில இடத்தில் இன்னும் கூட. அட்டவணையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வாய்க்காலில் மிதந்து வரும் ஒரு பாசித் துண்டைப் பாருங்கள். அது கடலை நோக்கிப் போகும் வரை நில்லுங்கள்.

அடுத்தது பொறுமை. ஆல்பிக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும், செவுளில் தண்ணீர் ஓடாமல் மூச்சும் திணறும். ஆகையால் அது ஓரிடத்தில் பதுங்காது, சுற்று போட்டுக்கொண்டே இருக்கும். இங்கே வந்த கூட்டம் கால் மணியில் மறுபடி இங்கேயே வர நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குள் அடுத்த கடற்கரைக்குக் காரை ஓட்டிப் போகிறவர் பாதி நாளைச் சாலையில் கழிப்பார்.

பறவையையும் வாசிக்கலாம். ஆலாக்கள் ஒரே இடத்தின் மேல் தாழ்வாக, நெருக்கமாகப் பறந்து சட்டென்று திசை மாற்றினால் அடியில் வேகமான மீன் இருக்கிறது. கடற்காகங்கள் தண்ணீரில் உட்கார்ந்து சிறகைக் கோதிக்கொண்டிருந்தால் அவற்றுக்கும் உங்களைப் போலவே வேலை இல்லை. மிதமான தென்மேற்குக் காற்று பொடிமீனைக் கரைப்பக்கம் ஒதுக்கும், நல்லது. அதே காற்று பலத்து, தண்ணீர் கலங்கி, சுருட்டும்போதெல்லாம் முள்ளில் பாசி வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆல்பி கண்ணை நம்பி வேட்டையாடும் மீன்.

மணல் கரையோரம் நடந்து தேட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கடல் ஒதுக்கிய பாசிக் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 10 அடி வரை பொதுமக்கள் நடமாடலாம் என்று ரோட் ஐலண்டில் 2023இல் சட்டம் வந்திருக்கிறது. கடலோர வீட்டுக்காரர் முறைத்தால் பதறாமல் வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம்.

"தெரிகிறது, ஆனால் எட்டவில்லை"

இதற்குப் பாதித் தீர்வு ரீலில் இருக்கிறது. ஸ்பூலின் விளிம்பு வரை நூல் நிறைந்திருக்கிறதா பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் குறைந்தால் நூல் விளிம்பில் உரசி, எறிகிற தூரம் கண்ணெதிரே குறையும். 30 பவுண்டு பிரெய்டு போட்டிருந்தால் 15க்கு இறங்குங்கள். லீடர் முடிச்சு வளையங்களில் டக் டக்கென்று இடிக்கிறதென்றால் எஃப்ஜி முடிச்சு கற்றுக்கொள்ளுங்கள், மெல்லியதாக வழுக்கிப் போகும்.

எதிர்க்காற்றில் சாஃப்ட் பிளாஸ்டிக் பறக்காது. ஒரு அவுன்ஸ் எபாக்சி ஜிக் பறக்கும். அதுவும் பெரிதாகத் தெரிகிறது என்றால், முட்டை வடிவில் எடையுள்ள ஒரு மிதவையைக் கட்டி, அதன் பின்னால் மூன்று நான்கு அடி லீடரில் ஒரு சிறு ஃப்ளையை (முள்ளில் இழை சுற்றிச் செய்த எடையற்ற இரை) தொங்கவிடுங்கள். தூரத்தை மிதவை பார்த்துக்கொள்ளும், மீனை ஏமாற்றுவது ஃப்ளையின் வேலை. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், பிடிக்கும்.

மீன் போகிற பக்கமெல்லாம் பாறைமேல் ஓடாதீர்கள். நீங்கள் போய்ச் சேரும்போது அது போயிருக்கும். விழுந்தால் பல்லும் போகும்.

"கூட்டத்துக்கு நடுவிலேயே போட்டேன், தொடவே இல்லை"

அதிகம் கேட்கும் புகார் இதுதான். எதிரே தண்ணீர் கொதிக்கிறது, மீன் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு போகிறது, லூர் சரியாக அதன் நடுவில் விழுகிறது, ஒன்றும் நடக்கவில்லை.

முதல் காரணம், நடுவில் போட்டதுதான். ஆல்பிக் கூட்டம் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்து வாயைத் திறந்துகொண்டு முன்னேறும். கொதிப்பு தெரியும் இடம், அது ஏற்கெனவே தின்றுவிட்டுப் போன இடம். கொதிப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டு நொடி பார்த்து, அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் எறிந்து, லூர் அதன் பாதையைக் குறுக்கே வெட்டும்படி சுருட்டுங்கள்.

இரண்டாவது, அளவு. கரையோரத்தில் அவை தின்பது பெரும்பாலும் பே ஆங்கோவி, அதாவது நம் நெத்திலியின் அமெரிக்கப் பங்காளி. இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம். சிலநாள் வெள்ளிக்கோடு போட்ட சில்வர்சைடு, சிலநாள் மணல் விலாங்கு, சிலநாள் மென்ஹேடன் குஞ்சு. பக்கத்தில் யாராவது ஒரு ஆல்பியைக் கரையேற்றினால் அதன் வாயைப் பாருங்கள். பிடிபட்ட மீன் அடிக்கடி தின்றதைக் கக்கும். ஒருமுறை என் காலடியில் கக்கியதில், கண்ணாடி போல உடம்பும் பக்கவாட்டில் ஒரு வெள்ளிப்பட்டையுமாக நெத்திலிகள் கிடந்தன, எல்லாமே என் சுண்டுவிரலைவிடச் சின்னவை. அப்போது என் நூலில் தொங்கியது நாலு அங்குல ஜிக். இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கையில் உள்ளதில் மிகச் சின்னதைப் போடுங்கள். எபாக்சி ஜிக்கின் நன்மையே இதுதான்: ஈயத்தைச் சுற்றிப் பிசின் இருப்பதால் பொடிமீன் வடிவில் இருந்தும் மெதுவாக அமிழும். நியூ ஜெர்சிக்காரர் பாப் பாப்போவிக்ஸ் சர்ஃப் கேண்டி என்ற ஃப்ளையை எபாக்சி பூசிச் செய்தார். ஃப்ளை ராடு பிடிப்பவர்கள் ஆல்பிக்கு அதை இன்றும் கட்டுகிறார்கள்.

மூன்றாவது, வேகம். ஜிக்கை வேகமாகச் சுருட்ட வேண்டும், ராடு முனையை உயர்த்தி, லூர் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஓடும்படி. அது பலிக்கவில்லை என்றால் நடுவில் நிற்காமல் நேர் எதிர்த்திசைக்குப் போங்கள். எடையில்லாத சாஃப்ட் பிளாஸ்டிக்கைப் போட்டு, மேற்பரப்பில் லேசாகச் சுண்டிச் சுண்டி மெதுவாகக் கொண்டுவாருங்கள், அடிபட்ட பொடிமீன் தத்தளிப்பது மாதிரி. பொடிமீன் மண்டிக் கிடக்கும் நாளில் வேகம் தோற்று இது ஜெயிக்கும். என் கணிப்பில், கரையில் நிற்பவருக்கு ஒரே ஒரு லூர்தான் என்று கட்டாயம் வந்தால் இதைத்தான் எடுக்க வேண்டும், எதிர்க்காற்று நாளைத் தவிர.

நான்காவது, லீடரும் சில்லறைச் சாமானும். ஆல்பிக்குக் கண் கூர்மை. ஸ்விவல், ஸ்னாப், கறுப்புக் கொக்கி என்று லூருக்கு முன்னால் தோரணம் கட்டியிருந்தால் கழற்றுங்கள். லீடரை நேரடியாக லூரில் கட்டுங்கள். 20 பவுண்டு போட்டிருந்தால் 15, வெயில் அடித்துத் தண்ணீர் தெளிந்து கிடந்தால் 12.

இவ்வளவும் செய்து பார்த்தாயிற்றா? சரி, இப்போது நிறத்தை மாற்றுங்கள்.

"பின்னாலேயே வருகிறது, பாறைக்குப் பக்கத்தில் திரும்பிவிடுகிறது"

மீன் பின்தொடர்வதைப் பார்த்ததும் கை தானாக நின்றுவிடும். அதுதான் பிரச்சினை. துரத்தப்படும் நெத்திலி நின்று யோசிக்காது. மீன் தெரிந்தால் இன்னும் வேகமாகச் சுருட்டுங்கள். உயரமான பாறையில் நின்றால் கடைசி சில கஜத்தில் லூர் செங்குத்தாக மேலே ஏறும், அதைக் கண்டும் திரும்பும். அந்தக் கட்டத்தில் ராடு முனையைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். இதற்காக அலை அடிக்கும் கீழ்ப்பாறைக்கு இறங்க வேண்டாம்.

"தட்டுகிறது, முள் பதியவில்லை"

ஸ்ட்ரைப்டு பாஸ் பிடித்துப் பழகிய கை ராடை ஓங்கிச் சுண்டும். ஆல்பிக்கு அது வேண்டாம். தட்டல் தெரிந்தாலும் அதே வேகத்தில் சுருட்டிக்கொண்டே இருங்கள், மீன் தன் ஓட்டத்திலேயே முள்ளைப் பதித்துக்கொள்ளும். முள் நகத்தில் வழுக்கினால் மாற்றுங்கள்.

"பிடித்தேன், ஓட்டத்தில் போய்விட்டது"

போனதும் எரிச்சலில் நூல் முனையை வெட்டி எறிந்துவிடாதீர்கள். முனையை விரலில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள், என்ன நடந்தது என்று அதுவே சொல்லும்.

சவரக்கத்தி வைத்தது போல நறுக்கென்று வெட்டியிருந்தால், அது ஆல்பியே இல்லை. ப்ளூஃபிஷ் வந்து கடித்திருக்கிறது. ஆல்பியின் பல் சின்னது, லீடரை அப்படி வெட்டாது. ப்ளூஃபிஷ் நுழைந்த கூட்டத்தில் விலையுயர்ந்த லூரைப் போடாதீர்கள். கம்பி லீடர் போட்டால் ப்ளூஃபிஷ் வரும், ஆல்பி வராது.

முனை வெளுத்து, சொரசொரப்பாகச் சில அங்குலம் தேய்ந்திருந்தால் பாறை அல்லது அதில் ஒட்டிய கொட்டலசு. ஜெட்டியில் (கடலுக்குள் நீளும் பாறைச் சுவரில்) நிற்பவர் எறிவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, மீன் எந்தப் பக்கம் ஓடினால் எங்கே நடந்து போய் இறங்குவது என்று. முதல் ஓட்டத்தில் ராடை உயர்த்திப் பிடித்து நூலைப் பாறைக்கு மேலே வையுங்கள்.

பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியது. இறுக்கும்முன் எச்சில் தொட்டு ஈரமாக்கி, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த ஃப்ளூரோகார்பன் உராய்வுச் சூட்டில் கெடும்.

லூர் முழுதாகத் திரும்பி வந்து முள் மட்டும் நிமிர்ந்திருந்தால் டிராக் (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) அதிக இறுக்கம், அல்லது கடையில் வந்த மெல்லிய மும்முள். மும்முள்ளைக் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள் மாட்டுங்கள். ஒற்றை முள் ஆழமாகப் பதியும், விடுவிக்கவும் எளிது. டிராக்கைக் கை மதிப்பில் வைக்காமல் மீன் எடை பார்க்கும் சிறு தராசை நூலில் கொக்கிபோட்டு இழுத்துப் பாருங்கள். 15 பவுண்டு லீடருக்கு 3 முதல் 4 பவுண்டில் டிராக் வழுக்க ஆரம்பிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் நூறு கஜம் போகும், போகட்டும். அந்த நேரத்தில் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். டிராக் வழுக்கும்போது ஸ்பின்னிங் ரீலைச் சுற்றினால் நூல் முறுக்கேறி அடுத்த எறிதலில் சிக்காகும். ஓட்டம் நடக்கும்போது டிராக்கை இறுக்குவதும் வேண்டாம். ஸ்பூலில் நூல் குறையக் குறைய இழுவிசை தானாகவே கூடும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, முடிச்சும் முள்ளும் அப்படியே, மீன் மட்டும் இல்லை என்றால், ஓடிய மீன் சட்டென்று உங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. நூல் தளர்ந்ததை மீன் போனதாக எடுத்துக்கொண்டு நீங்கள் நின்றுவிட்டீர்கள். தளர்ந்த நொடியில் வெறி பிடித்ததுபோலச் சுருட்டுங்கள். பாதி நேரம் மீன் அங்கேயேதான் இருக்கும்.

பக்கத்து ஆள் நூலோடு சிக்கிப் போனது தனி ரகம். நெரிசலான ஜெட்டியில் யாருக்காவது மீன் மாட்டினால் மற்றவர் தம் லூரைச் சுருட்டிக்கொண்டு வழிவிடுவதுதான் இங்கே மரியாதை. மீனோடு நடப்பவர் நூலுக்கு மேலா கீழா என்று குரல் கொடுத்துக்கொண்டே தாண்டுவார்.

"கரை வரை வந்தது, கைக்கு வரவில்லை"

மணல் கரையில் அலைக்கு எதிராக இழுக்காதீர்கள். அலை உள்ளே வரும்போது கூடவே பின்னால் நடந்தால் அலையே மீனை மணலில் போடும். வால் அடியில் கெட்டியான ஒடுங்கிய பகுதி இருக்கிறதே, அது கைப்பிடிக்கென்றே செய்தது. பாறையில் நீண்ட பிடியுள்ள வலை இல்லாமல் தனியாக நிற்க வேண்டாம்.

"விட்டேன், அப்படியே மூழ்கிவிட்டது"

பாஸ் மீனை வாலைப் பிடித்துத் தண்ணீரில் முன்னும் பின்னும் ஆட்டி விடுவார்கள். ஆல்பியை அப்படிச் செய்தால் மூச்சு திரும்பாது. வாலை ஒரு கையிலும் வயிற்றை ஒரு கையிலும் தாங்கி, தலை கீழ்நோக்கி இருக்கத் தண்ணீருக்குள் ஈட்டி எறிவது மாதிரி விடுங்கள். அந்த வேகத்தில் வாய்வழியே தண்ணீர் பாய்ந்து செவுள் வேலை செய்ய ஆரம்பிக்கும். பார்க்கக் கொடூரமாகத் தெரியும், ஆனால் வேகமாக நீந்தியே மூச்சு விடும் மீனுக்கு இதுதான் உதவி. புகைப்படம் ஒன்று, அதுவும் கேமராவைத் தயாராக வைத்துவிட்டு. மெல்லிய நூலில் அரை மணி நேரம் விளையாடி விடுவதைவிடச் சீக்கிரம் இழுத்து விடுவது மேல். நியூ இங்கிலாந்து அக்வேரியத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2022 முதல் மாசசூசெட்ஸின் நான்டக்கெட் சவுண்ட் கடற்பகுதியில் ஆல்பியில் ஒலி எழுப்பும் குறிக்கருவி பொருத்தி விட்டுப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஒழுங்காகக் கையாண்டு விட்ட மீன்களில் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன.

"சமைத்தேன், இரத்த வாடை"

இங்குள்ளவர்கள் பலர் இதைத் தின்ன லாயக்கில்லை என்று விட்டுவிடுவார்கள். அடுப்பில் வாட்டி உப்பும் எலுமிச்சையும் போட்டால் அப்படித்தான் இருக்கும். சூரை வாங்கிப் பழகிய வீட்டில் புளியும் மிளகும் தாராளமாகப் போட்டு மண்சட்டியில் குழம்பு வைத்தால் கதையே வேறு. ஆனால் குழம்பால் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. இந்தக் குடும்பத்து மீனில் சூடு ஏறினால் ஹிஸ்டமின் உண்டாகும். முகம் சிவந்து, தடித்து, தலைவலியும் வாந்தியும் வரும். வேகவைத்தாலும் அது போகாது. இந்த மீனின் உடம்பே தண்ணீரைவிட வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் கெடுவதும் சீக்கிரம்.

ஆகவே எடுத்துப்போவதென்றால் பிடித்த நொடியே செவுளை வெட்டி, வாளித் தண்ணீரில் தலைகீழாக வைத்து இரத்தத்தை வடித்துவிடுங்கள். பிறகு ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள். வீட்டில் நடுவில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் ஊறவையுங்கள். வடகிழக்கில் சில மாநிலங்கள் அண்மையில் இதற்கு அளவும் எண்ணிக்கையும் வகுத்திருக்கின்றன, உரிமம் எடுக்கும்போதே உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். காரில் ஐஸ் இல்லாத நாளில் எல்லா மீனையும் ஈட்டி மாதிரித் திருப்பி விட்டுவிட்டு, வரும் வழியில் இந்தியக் கடையில் உறைந்த சூரை வாங்கிக்கொள்ளலாம்.